சாவி பெட்டிக்குள்ளே இருந்தால்



போன வாரம் என் பழைய பிளாப்பி டிஸ்க் டப்பாவைப் படம் எடுத்துப் போட்டேன் அல்லவா, அதன் கீழே மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "சார், விண்டோஸ் படுத்துட்டா எழுப்பத்தானே ரெஸ்கியூ டிஸ்க்? அதைப் போட்டு பூட் பண்ணினா அதுவே நீலத்திரை காட்டிப் படுத்துக்குதே, ஏன்?" பதிலை ஒரு வரியில் முடித்துவிடலாம்: பெரும்பாலும் ஸ்டோரேஜ் டிரைவர் பொருந்தவில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நாற்பது வருடத்துக்கும் மேலான சரித்திரம் கிடக்கிறது. ரிட்டயர் ஆனவனுக்கு நேரம் இருக்கிறது. உங்களுக்கு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் படியுங்கள்.

கம்ப்யூட்டர் பக்கமே போகாத சித்தி, அத்தைகளுக்காக ஒரு விளக்கம். டிரைவர் என்றால் இங்கே வண்டி ஓட்டுபவர் இல்லை. ஒரு கருவியோடு எப்படிப் பேசுவது என்று தெரிந்த சின்ன புரோகிராம். பிரிண்டருக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்று. பிரிண்டர் டிரைவர் இல்லாவிட்டால் அச்சு வராது, அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க் டிரைவர் இல்லாவிட்டால் விஷயமே வேறு. ஏனென்றால் எல்லா டிரைவர்களும் இருப்பது அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான். பெட்டியைத் திறக்கும் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

இந்தச் சிக்கல் கம்ப்யூட்டர் பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1975இல் வந்த ஆல்டேர் 8800 என்ற பெட்டியில் கீபோர்டும் கிடையாது, திரையும் கிடையாது. முன்பக்கம் வரிசையாகச் சுவிட்சுகள். மின்சாரம் கொடுத்ததும், வெளியிலிருந்து புரோகிராமைப் படித்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு குட்டிப் புரோகிராமை மனிதன்தான் சுவிட்சை மேலும் கீழும் தட்டி, பைட் பைட்டாக உள்ளே விட வேண்டும். ஒரு சுவிட்ச் தப்பினால் முதலிலிருந்து. தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது போன்ற காரியம் என்பதால்தான் 'பூட்ஸ்ட்ராப்' என்ற பெயர் வந்தது. அது சுருங்கி 'பூட்' ஆனது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தது. அந்தக் குட்டிப் புரோகிராமை அழியாத ஒரு சிப்பில் எழுதி போர்டிலேயே வைத்திருந்தார்கள். அதுதான் பயாஸ். வீட்டோடு இருக்கும் காவலாளி மாதிரி. சுவிட்சைப் போட்டதும் காவலாளி எழுந்து, டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிப்பார். அதன் கடைசி இரண்டு பைட்டில் உரிய முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் பொறுப்பை அதனிடம் கொடுத்துவிடுவார்.

டாஸ் காலத்தில் இதில் ஒரு பெரிய வசதி இருந்தது. டாஸுக்கு டிஸ்க்கிலிருந்து எது வேண்டுமானாலும் பயாஸ் காவலாளியிடமே கேட்கும். காவலாளி கண்ணுக்குத் தெரிந்த டிஸ்க் டாஸ் கண்ணுக்கும் தெரியும். அதனால் அன்றைய மீட்பு வட்டு மிக எளிமையானது. ஃபார்மேட் கட்டளையோடு /எஸ் சேர்த்து அடித்தால் பூட் ஆகும் பிளாப்பி தயார். நம் லேபில் வரிசையில் நின்று அதைச் செய்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த பிளாப்பியைச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டவர்களும் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

முதல் விரிசல் சிடி-ராம் வழியாக வந்தது. அந்தக் காலக் காவலாளிக்குச் சிடியைத் தெரியாது. விண்டோஸ் 95 தானாகத் தயாரித்துக் கொடுத்த ஸ்டார்ட்அப் பிளாப்பியில் சிடிக்கான டிரைவரும் கிடையாது. கையில் விண்டோஸ் சிடி, மேசையில் பிளாப்பி, ஆனால் பூட் ஆனபின் சிடியைத் திறக்க வழியில்லை. விண்டோஸ் 98 பிளாப்பியில்தான் அதைச் சரிசெய்தார்கள். அதில் பலவகை சிடி டிரைவர்களைப் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்க்க வைத்தார்கள். எது வாய் திறக்கிறதோ அது. இதற்கு நடுவே, 1995இல், ஃபீனிக்ஸ் நிறுவனமும் ஐபிஎம்மும் சேர்ந்து சிடியிலிருந்தே நேரடியாக பூட் ஆகும் முறையை வகுத்தன. அதற்கு 'எல் டோரிட்டோ' என்று பெயர். கலிபோர்னியாவில் அதே பெயருள்ள ஓர் உணவகத்தில் உட்கார்ந்து யோசித்தது, அதனால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். நம் ஊரில் யோசித்திருந்தால் ஏதாவது ஒரு பவன் பெயர் வந்திருக்கும்.

இனிமேல்தான் விஷயத்தின் மையம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

1991இல் லினக்ஸும் 1993இல் விண்டோஸ் என்டியும் வந்தன. இவை 32 பிட் முறையில் ஓடுபவை. காவலாளியோ பழைய 16 பிட் முறையில் பேசுபவர். ஆகவே புதிய அமைப்பு விழித்ததும் காவலாளியை அனுப்பிவிட்டு, தன் சொந்த டிரைவரை வைத்துக்கொண்டு டிஸ்க்கைப் படிக்கும். அப்படியென்றால் பூட் ஆகும்போது ஒரு கைமாறல் நடக்கிறது. முதல் பாதி காவலாளி கையில், மறுபாதி புதியவர் கையில். முதல் பாதியில் லோகோ வரும், புள்ளிகள் ஓடும், எல்லாம் சரியாகத் தெரியும். கைமாறும் நொடியில் புதியவரிடம் பொருத்தமான டிரைவர் இல்லையென்றால், அதுவரை கண்ணெதிரே இருந்த டிஸ்க் மாயமாகிவிடும். தான் எந்த டிஸ்க்கிலிருந்து வந்தோமோ அதையே காணாத நிலை. விண்டோஸ் அதற்கு வைத்த பெயர் 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்', எண் 7பி. லினக்ஸ் 'ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை' என்று சொல்லி 'கர்னல் பேனிக்' ஆகி நிற்கும். இரண்டும் ஒரே நோயின் இரண்டு பெயர்கள். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் விவரம்தான்.

லினக்ஸ்காரர்கள் முதலில் இதை முரட்டு வழியில் சமாளித்தார்கள். 1993இல் தொடங்கிய ஸ்லாக்வேரில், டிஸ்க் கன்ட்ரோலர் வகைக்கு ஒரு பூட் பிளாப்பி என்று ஒரு பட்டியலே இருந்தது. உன் பெட்டிக்குள் என்ன கார்டு இருக்கிறதென்று தெரிந்து, அதற்குரிய பிளாப்பியை நீதான் எடுக்க வேண்டும். பிறகு 1996 வாக்கில் 'இனிட்ஆர்டி' வந்தது. யோசனை அழகானது. காவலாளி போவதற்கு முன், அவர் கையாலேயே கர்னலையும் டிரைவர்கள் அடங்கிய ஒரு சின்னப் பொட்டலத்தையும் சேர்த்து மெமரியில் ஏற்றிவிடுவது. கைமாறல் முடிந்தபின் டிஸ்க் தெரியாவிட்டாலும் பொட்டலம் மெமரியில் இருக்கிறது, அதைப் பிரித்து உரிய டிரைவரை எடுத்துக்கொள்ளலாம். பெட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பது போல. இன்று வரை எல்லா லைவ் சிடிகளும் ஓடுவது இந்த யோசனையில்தான். அந்தக் காலத்தில் 'டாம்ஸ்ஆர்டிபிடி' என்று ஓர் ஒற்றைப் பிளாப்பி லினக்ஸ் உண்டு. 1.44 எம்பி பிளாப்பியை 1722 கேபி வரும்படி இழுத்து ஃபார்மேட் செய்து, அதற்குள் ஒரு மீட்பு லினக்ஸையே அடைத்திருந்தார் அந்த மனிதர். சிக்கனத்தில் நம் பாட்டிமார்களுக்கு இணை.

மைக்ரோசாஃப்ட் வேறு வழி எடுத்தது. விண்டோஸ் எக்ஸ்பி சிடியைப் போட்டால், நீலத்திரையின் அடியில் பெயர் பெயராக ஓடும், நினைவிருக்கிறதா? தெரிந்த கன்ட்ரோலர்களின் டிரைவரையெல்லாம் மெமரியில் ஏற்றிக்கொள்ளும் வேலை அது. பட்டியலில் இல்லாத கன்ட்ரோலர் என்றால் எஃப்6 அழுத்த வேண்டும். அடிவரியில் சில நொடி மட்டும் அந்த அறிவிப்பு வரும். அழுத்தினாலும் உடனே எதுவும் நடக்காது. அழுத்தினோமா இல்லையா என்று நாமே சந்தேகப்பட்டு நாலைந்து முறை அழுத்துவோம். கொஞ்ச நேரம் கழித்து 'டிரைவர் பிளாப்பியைப் போடு' என்று கேட்கும். பிளாப்பி மட்டும்தான், சிடி, பென் டிரைவ் எதுவும் செல்லாது. எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபரில். சில வருடங்களில் லேப்டாப்களிலிருந்து பிளாப்பி டிரைவே போய்விட்டது. ஆனால் எஃப்6 பிளாப்பியைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து டிஸ்க்கின் வகையும் மாறியது. 2003இல் சாட்டா. 2004இல் அதற்கான புதிய பேச்சுமுறை, ஏஎச்சிஐ. எக்ஸ்பிக்கு ஏஎச்சிஐ தெரியாது. அதனால் போர்டு செய்தவர்கள் பயாஸில் ஒரு தேர்வு வைத்தார்கள். சாட்டா டிஸ்க்கைப் பழைய ஐடிஇ போல நடிக்க வைக்கலாம், அல்லது ஏஎச்சிஐ ஆகவே விடலாம். இந்த ஒரு வரி எத்தனை பேரை அழ வைத்தது என்பதற்குக் கணக்கில்லை. எனக்குத் தெரிந்த ஒருவரை மட்டும் சொல்கிறேன்.

2009 கோடை விடுமுறை. நம் பள்ளித் தமிழ் ஐயா (உங்களில் பலருக்கு யாரென்று புரிந்திருக்கும், பெயர் வேண்டாம்) சுற்றுப்பட்டு ஊர்களில் பாட்டிமார்களிடம் ஒப்பாரியும் தாலாட்டும் கேட்டுக் கேட்டுப் பதினோரு வருடம் சேர்த்து வைத்திருந்தார். கேசட்டில் பதிந்ததெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது. எழுத்தில் தட்டச்சு செய்தது மட்டும் வீட்டுக் கம்ப்யூட்டரில். இயந்திரத்தில் நேரம் தப்பாகக் காட்டுகிறது என்று டவுனில் ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். திரும்பி வந்ததிலிருந்து நீலத்திரை. மறுபடி கொண்டு போனால், "ஹார்ட் டிஸ்க் போச்சு ஐயா, ஃபார்மேட் பண்ணித் தரோம்" என்று பதில். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்பதும், அதையே ஃபார்மேட் செய்து தருகிறோம் என்பதும் ஒன்றோடொன்று ஒட்டவில்லையே என்று எனக்கு அப்போதே தோன்றியது.

பெட்டியை ஆட்டோவில் வைத்து என் வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார். நாற்காலியில் உட்காரவில்லை. "சார், பாடின ஆத்தாக்கள்ல பாதிப் பேர் இப்ப இல்ல. மறுபடி யார்கிட்ட போய்க் கேட்பேன்?" என்றார்.

எக்ஸ்பி சிடியைப் போட்டுப் பழுது நீக்கும் பகுதிக்குப் போனேன். ஹார்ட் டிஸ்க் எதுவுமே இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்றது. கடைக்காரர் பார்த்ததும் இதைத்தான். இங்கேதான் நாப்பிக்ஸ் கை கொடுத்தது. ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000இல் வெளியிட்ட லைவ் சிடி அது. ஏறக்குறைய 2 ஜிபி சமாச்சாரத்தைச் சுருக்கி ஒரே 700 எம்பி சிடியில் வைத்திருந்தார். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல், சிடியிலிருந்தே முழு லினக்ஸும் எழும். அதற்கு முன்பும் லைவ் சிடிகள் உண்டு. ஆனால் போட்ட பெட்டியில் என்ன இருக்கிறதென்று தானே கண்டுபிடித்து டிரைவரை ஏற்றிக்கொள்ளும் சாமர்த்தியத்தில் நாப்பிக்ஸ்தான் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. அந்தச் சாமர்த்தியத்துக்கும் ஒரு விலை உண்டு. தட்டிப் பார்க்கும்போது ஏதாவது ஒரு கருவி முறைத்துக்கொண்டால் அங்கேயே உறைந்துவிடும். அதற்காகத்தான் பூட் வரியில் அடிக்க ஒரு பட்டியலே கொடுத்திருந்தார் நாப்பர்: 'நோஏபிக்', 'நோஸ்கஸி', 'ஃபெயில்சேஃப்' என்று. இதைத் தொடாதே, அதைத் தொடாதே என்று ஒவ்வொன்றாக விலக்கி, யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்கும் முறை.

ஐயாவின் பெட்டியிலும் முதல் முறை பாதியில் உறைந்தது. 'நோஏபிக்' போட்டதும் கடந்து வந்தது. திரையில் டிஸ்க்கின் படம் தெரிந்தது, திறந்தால் கோப்புகள் அத்தனையும் இருந்தன. எக்ஸ்பி 'இல்லவே இல்லை' என்ற டிஸ்க்கை நாப்பிக்ஸ் சாதாரணமாகப் படிக்கிறதென்றால், டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை, எக்ஸ்பிக்குத்தான் கண் தெரியவில்லை. வேறு எதையும் தொடாமல் முதலில் பாட்டுக் கோப்புகளை இரண்டு பென் டிரைவில் ஏற்றினேன். அதன்பிறகுதான் பயாஸைத் திறந்தேன். சாட்டா முறை ஏஎச்சிஐ என்று இருந்தது. நேரம் தப்பிப் போனதற்குக் காரணம் போர்டில் இருந்த காசு அளவு பேட்டரி. அதைக் கழற்றி மாற்றியதும் பயாஸின் அமைப்புகள் எல்லாம் ஆலை நிலைக்குத் திரும்பிவிட்டன. ஐடிஇ என்று இருந்தது ஏஎச்சிஐ ஆகிவிட்டது. ஐடிஇ என்று மாற்றி ஸ்டார்ட் செய்தேன். எக்ஸ்பி எதுவும் நடக்காதது போல எழுந்து வந்தது. ஐயா கோப்பு ஒன்றைத் திறந்து முதல் தாலாட்டை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் காபியைத் தொட்டார்.

விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் ஏஎச்சிஐ டிரைவர் உள்ளேயே இருந்தது. ஆனாலும் 7பி வந்தது! நிறுவும்போது ஐடிஇ முறையில் இருந்திருந்தால், தேவையில்லாத டிரைவர் எதற்கு என்று அதை உறங்க வைத்துவிடும். பிறகு பயாஸில் முறையை மாற்றினால் அதை எழுப்ப ஆளில்லை. ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை முன்கூட்டியே மாற்றிவிட்டுத்தான் பயாஸைத் தொட வேண்டும். விண்டோஸ் 8க்குப் பிறகு, முறையை மாற்றும்போது ஒரு தடவை சேஃப் மோடில் ஏற்றினால் அதுவே சரிசெய்துகொள்கிறது.

மீட்பு வட்டு விஷயத்தில் மைக்ரோசாஃப்ட் 2002இல் விண்டோஸ் பிஇ என்ற சின்ன விண்டோஸை உருவாக்கியது. ஆனால் அது தயாரிப்பாளர்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் மட்டும். நம்மைப் போன்றவர்களுக்காக பார்ட் லாகர்வே என்ற டச்சுக்காரர், எக்ஸ்பி சிடியை வைத்தே அப்படி ஒன்றைத் தயாரிக்கும் புரோகிராமை இலவசமாகக் கொடுத்தார். அதுதான் பார்ட்பிஇ. புதிய கன்ட்ரோலருக்கான டிரைவரை எந்த ஃபோல்டரில் போட வேண்டும் என்பது வரை தெளிவாக இருக்கும்.

விஸ்டாவிலிருந்து விண்டோஸ் பிஇ முழுவதும் மெமரியில் ஏறி ஓடுகிறது. உங்கள் கேள்விக்கு இது முக்கியம். மெமரியில் ஓடுவதால் டிரைவர் இல்லாவிட்டால் அது பொதுவாக விழாது, 'டிஸ்க் எதுவும் தெரியவில்லை' என்று மட்டும் சொல்லும். நீலத்திரையே வருகிறதென்றால் பெரும்பாலும் டிரைவர் இருந்து, அது கன்ட்ரோலரோடு பேசும்போது தடுமாறுகிறது என்று பொருள். திரையில் .சிஸ் என்று முடியும் கோப்பின் பெயர் வந்தால் அதை எழுதி வையுங்கள், பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். டெஸ்க்டாப்பாக இருந்தால் மின்சாரத்தை நிறுத்தி, ஹார்ட் டிஸ்க் கேபிளைக் கழற்றிவிட்டு அதே மீட்பு வட்டைப் போட்டுப் பாருங்கள். இப்போது ஒழுங்காக எழுந்தால் சந்தேகம் டிஸ்க் பக்கம். அப்போதும் விழுந்தால் மெமரியைச் சோதியுங்கள். மெமரியில் ஏறி ஓடுகிற ஒன்றுக்கு மெமரியே பழுது என்றால், குற்றம் டிரைவர் செய்தது போலத்தான் தெரியும். நாப்பிக்ஸ் சிடியிலேயே மெம்டெஸ்ட் இருந்தது சும்மா இல்லை.

2011இல் தொடங்கி அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சிடாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்ததே, அதைப் பலர் திறந்தே பார்க்கவில்லை. விண்டோஸ் படுத்தபோது பாஸில் நுழைந்து பிராஜெக்ட் கோப்பைக் காப்பாற்றிய ஓரிருவரை எனக்குத் தெரியும். பெட்டிக்குள்ளேயே மீட்பு வட்டு.

2015 வாக்கில் வந்த புதிய லேப்டாப்களில் இன்னொரு வேடிக்கை. விண்டோஸ் 7 பென் டிரைவைச் செருகினால் நன்றாக பூட் ஆகும். நிறுவத் தொடங்கியதும் 'தேவையான சிடி/டிவிடி டிரைவர் இல்லை' என்று நிற்கும். சிடியே இல்லாத லேப்டாப்பில் சிடி டிரைவர் கேட்கிறதே என்று எத்தனை பேர் எனக்குப் போன் செய்தீர்கள்! அது தேடியது தன்னையேதான். யூஎஸ்பி 3 போர்ட்டுக்கான டிரைவர் விண்டோஸ் 7இல் கிடையாது. கைமாறும் நொடியில், தான் குடியிருக்கும் பென் டிரைவே அதன் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. யூஎஸ்பி 2 போர்ட் ஒன்று இருந்தால் அதில் மாற்றிச் செருகினால் போதும்.

இப்போது 2020க்குப் பின் வந்த இன்டெல் 11ஆம் தலைமுறை லேப்டாப்களில் விஎம்டி என்று ஒன்று. எஸ்எஸ்டியைத் தன் பின்னால் மறைத்து வைத்துக்கொள்ளும். விண்டோஸ் பென் டிரைவ் 'டிஸ்க் இல்லை' என்னும். தயாரிப்பாளர் பக்கத்திலிருந்து அந்த டிரைவரை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, பிரித்து, பென் டிரைவில் போட்டு 'லோட் டிரைவர்' பொத்தானை அழுத்த வேண்டும். விண்டோஸ் பிஇயின் கறுப்புத் திரை என்றால் 'டிஆர்விலோட்' என்ற கட்டளை. எஃப்6தான், பிளாப்பிக்குப் பதில் பென் டிரைவ். பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் டிஸ்க் தெரியும். ஆனால் ஏற்கெனவே நிறுவிய விண்டோஸ் அதன்பிறகு 7பி காட்டலாம், ஐயாவின் எக்ஸ்பி போலவே. பழைய அமைப்பு என்னவாக இருந்தது என்று தொடுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கும். கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு தவறான கோப்பினால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத்திரையில் விழுந்தன. இங்கே விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது ஸ்டோரேஜ் டிரைவரின் குற்றமில்லை, பாதுகாப்பு டிரைவருடையது. ஆனால் தீர்வு பழைய தீர்வுதான். பல இயந்திரங்களுக்கு ஆள் நேரில் போய் மீட்பு முறையில் எழுப்பி அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. அதில் அதிக நேரம் பிடித்தது கோப்பை நீக்குவது இல்லை. பிட்லாக்கர் பூட்டிய டிஸ்க்குகளுக்கு 48 இலக்கச் சாவி தேடுவதுதான். பலருடைய புது லேப்டாப்பிலும் அவர்களுக்குத் தெரியாமலே அந்தப் பூட்டு விழுந்திருக்கிறது, பயாஸில் கை வைத்தால் சாவியைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று இன்றே பார்த்து ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். லேப்டாப்பிலேயே சேமித்து வைக்காதீர்கள்.

இனி யாருக்காவது மீட்பு வட்டிலும் நீலத்திரை வந்தால், "சார் ஓடல" என்று மட்டும் அனுப்பாமல், திரையை அடிவரி வரை தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். எந்த வருடத்து லேப்டாப், எந்த போர்ட்டில் செருகினீர்கள், கடைசியாக யார் எதை மாற்றினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் பார்ப்பேன்.